கோடி மூலையில் 118: பாசி வைத்து ஈயம் தேடிய பதினான்கு மாதம்

2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஆய்வுகூடத்திலிருந்து வந்த தாளில் பத்து வரிகள் இருந்தன. எட்டு வரிகளில் நான் எதிர்பார்த்த மாதிரிச் சின்ன எண்கள். பாசி பரப்பி வைத்த நாலாம் இலக்கத் தட்டின் இரண்டு வரிகளில் ஒன்றில் 118. ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு 118 மில்லிகிராம் ஈயம். அந்தத் தட்டு இருந்த இடம் எங்கள் வளவின் கோடி மூலை. நான் கீரைப் பாத்தி போட்டிருந்ததும் அதே மூலைதான். அந்தக் கீரையை இரண்டு அறுப்புச் சாப்பிட்டிருந்தோம்.

எங்கே பிழைவிட்டேன் என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். வலைக்கு ஈயம் வார்க்கும் வீடு எங்கள் பக்கத்தில் இது ஒன்று மட்டுமல்ல.

வீடு மட்டக்களப்பின் ஆரையம்பதியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே. மனைவிக்குச் சீதனமாக வந்த வளவு. மாமாவும் மாமியும் எங்களோடுதான். மாமா வீச்சுவலைக்காரர். வலை தண்ணீரில் தாழ்வதற்கு வேண்டிய ஈயத்தை நாற்பது வருடமாக மாமரத்தடியில் தானே வார்க்கிறார். மூன்று கல் அடுப்பு, சிரட்டைக்கரி, ஓர் இரும்புத் தாச்சி. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், பெரிய நெருப்புத் தேவையில்லை. உருகியதும் மேலே நீலமும் மஞ்சளும் கலந்த ஓர் ஆடை படரும். அதைப் பழைய கரண்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பளபளவென்று தெரியும் அடி ஈயத்தை அச்சில் ஊற்றுவார். பார்க்க அழகாக இருக்கும். மகளும் தாத்தாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது, மண்ணில் அளைந்த கையை வாயில் வைக்கும் வயது. எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான்.

பாசியைப் பிடித்த காரணம் போர்ட்லாண்ட் கதை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் அந்த நகர மரங்களிலிருந்து 346 இடங்களில் பாசி எடுத்துப் பார்த்தார்கள். வண்ணக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலைகளின் சுற்றுவட்டத்தில் கட்மியம் என்ற நச்சு உலோகம் குவிந்து கிடப்பது 2016இல் அப்படித்தான் வெளியே வந்தது. சுவீடனில் ரூலிங், டைலர் என்ற இருவர் 1960களின் கடைசியிலேயே இந்த வேலையைத் தொடக்கியிருந்தார்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மழையிலும் தூசியிலும் வருவதை உடம்பால் வாங்கிக்கொள்ளும், வாங்கிய உலோகத்தை இலேசில் விடாது. எனக்குத் தேவையான அறிவு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது போதவில்லை.

ஒரு சொல் விளக்கம். கிணற்றுக்கட்டில் காலை வழுக்க வைக்கும் பச்சைப் பூச்சையும் நாங்கள் பாசி என்றுதான் சொல்கிறோம். அது அல்கா. நான் சொல்வது அதற்குப் பக்கத்தில் மெத்தை மாதிரி வளரும், நுணுக்கிப் பார்த்தால் குட்டி இலைகள் தெரியும் பாசி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் குழப்பம் வராது. 600 ரூபாய்க்கு வாங்கினேன்.

முதல் சுற்று: 2023 டிசம்பர்

வாடை மழைக்குக் கட்டெல்லாம் பச்சை பிடித்திருந்த நேரம். சாப்பாட்டுக் கத்தியால் ஐந்து இடத்தில் சுரண்டினேன்: கிணற்றுக்கட்டு, ஈய அடுப்பின் கல், படலைத் தூண், முன்வாசல் படி, கோடி மூலை மதிலின் அடி. ஐந்திலும் பெரும்பாலும் ஹயோஃபிலா என்ற வகை. காய்ந்ததும் இலை ஓரம் உட்பக்கமாகச் சுருண்டு குச்சி போல நிற்கும், தண்ணீர் தெளித்தால் ஒரு நிமிடத்துக்குள் விரியும். சீமெந்துச் சுவரை விரும்பும் பாசி அது.

சுரண்டியதில் பாதி சுவர். கிணற்றுக்கட்டில் எடுத்த 60 கிராம் ஈரப்பாசி காய்ந்து 9 கிராமானது. அதைச் சூப்புக் கோப்பையில் போட்டு விரலால் பிரித்துக் கழுவினால் அடியில் 5 கிராம் மணலும் சீமெந்துத் தூளும் தங்கின. எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. இரண்டு மாதிரியைக் கழுவினேன், மூன்றைக் கழுவாமலே அனுப்பினேன். முதல் பிழை அது. ஒன்றைக் கழுவி மற்றதைக் கழுவாமல் விட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

ஈயமும் கட்மியமும் கேட்டேன். ஒரு மாதிரியில் ஓர் உலோகத்துக்கு 2,200 ரூபாய், மொத்தம் 22,000. கட்மியம் எதிலும் சொல்லும்படி இல்லை. ஈயம் 12, 40, 19, 15, 96 என்று தாறுமாறாக வந்தது. 96 கோடி மூலை மதிலடிப் பாசி, கழுவாமல் அனுப்பியது. "மணல் ஏறிய மாதிரி, நம்ப முடியாது" என்று கொப்பியில் எழுதி, மேலே கோடு போட்டு வெட்டினேன். அந்தக் கோடு இன்னும் கொப்பியில் இருக்கிறது.

இரண்டாம் சுற்று: 2024 மே 20 முதல் ஜூலை 15 வரை

வாசித்தபோது பாசிப்பை முறை பிடித்துக்கொண்டது. 1971இல் இருந்து இருக்கும் முறை. தூய்மையான இடத்துப் பாசியை வலைப்பையில் போட்டு, சந்தேகமான இடங்களில் தொங்கவிட்டு, நாள் கணக்கு வைத்துக் கழற்றி அளப்பது. சுவரும் இல்லை, மணலும் இல்லை. எனக்கு இதுதான் சரி என்று பட்டது.

பாசிக்கு மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போனேன். மாமியின் தங்கை வளவில் தென்னை நெருங்கி நிற்கிறது, வாகன வீதி தூரம், ஈயம் உருக்குபவர் யாரும் இல்லை. தென்னை அடிமரத்தில் ஒக்டோப்ளெஃபாரம் என்ற பாசி திட்டுத் திட்டாக இருந்தது. வெளிறிய பச்சை, காய்ந்தால் கிட்டத்தட்ட வெள்ளை. அதன் இலைக்குள் வெற்று உயிரணுக்கள் அடுக்காக இருக்கின்றன, பஞ்சு போல் தண்ணீர் பிடிக்கும். மரத்தில் இருந்து ஒரு மெத்தையாகவே கழன்று வரும், மணல் கிடையாது. சின்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இத்தனை தூரம் வந்து பாசியா எடுத்திட்டுப் போறீங்க மகன்? மறுகா வரக்குள்ள தேங்காயாவது எடுங்க."

நுளம்புவலைத் துணியில் 10 சென்ரிமீற்றர் சதுரமாகப் பன்னிரண்டு பை தைத்தோம். ஒவ்வொன்றிலும் உலர்ந்த பாசி 3.00 கிராம். நிறுக்க 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, 2,800 ரூபாய். கழுவ, பற்றரிக்கு ஊற்றும் வடிநீர், ஐந்து லீற்றர் 750 ரூபாய். முத்திரை உடையாத போத்தலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆறு இடத்தில் இரண்டிரண்டாக, நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் கட்டினேன்.

கட்டியது எதனால்? வேலிக்கம்பியால். வீட்டில் கிடந்தது, கறள் பிடிக்காத கம்பி. நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாகத்தையும் அளக்கச் சொல்லியிருக்கிறேனே என்பது அந்த நேரம் அயத்துப் போச்சு. ஆறு மாதிரியிலும் நாகம் ஏறிப்போய் வந்தது, கம்பி கூடுதலாகப் பட்ட பைகளில் இன்னும் அதிகம். 13,200 ரூபாய் அதிலேயே போனது. இத்தனைக்கும் அந்த உலோகத்துக்கும் பாசிக்கும் உள்ள பகையை நான் தினமும் பார்க்கிறவன். எங்கள் ஓட்டுக்கூரை முழுக்கப் பாசி. முகட்டில் தகரம் அடித்த இடத்துக்குக் கீழே மட்டும், மழைநீர் வடியும் பாதையில், ஓடு கழுவி வைத்த மாதிரிச் சுத்தமாக இருக்கும். தகரத்தில் கரைந்து வரும் நாகம் பாசியை விடாது.

அடுத்தது காற்று. மே, ஜூன், ஜூலை எங்களுக்குக் கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து அனலாக வரும். பாசி மூன்றாம் நாளே பொரிந்துவிட்டது. மாலையில் வடிநீர் தெளித்தேன், விடிய மறுபடி பொரிந்துவிடும். 56 நாளில் 3.00 கிராம் 2.41 ஆகக் குறைந்த பையும் உண்டு. துணிக்கண் வழியே இலை நொருங்கிக் கொட்டியிருந்தது. காய்ந்த பாசியில் தூசி படிந்தாலும் ஒட்டி நிற்காது, அடுத்த காற்றிலேயே போய்விடும்.

ஈயம் ஆறு இடத்திலும் 5க்கும் 8க்கும் இடையில். ஒப்பிட்டுப் பார்க்கத் தொங்கவிடாத பை ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. ஆகவே இந்த 5 சின்னம்மா வளவுத் தென்னையிலேயே இருந்ததா, எங்கள் வளவில் ஏறியதா என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் எல்லாம் சின்ன எண்ணாக இருந்ததால் வளவு சுத்தம் என்று முடிவு எடுத்தேன். முதல் சுற்றில் வெட்டிய 96 ஞாபகத்துக்கு வந்தது. அது மணல் தானே என்று விட்டுவிட்டேன். ஜூலைக் கடைசியில் கோடி மூலையைக் கொத்தி, பசளியும் தண்டங்கீரையும் போட்டேன். சாம்பல் விழுந்து விழுந்து கறுத்த மண், கீரை வாளிப்பாக வந்தது. செப்டெம்பரில் ஓர் அறுப்பு, ஒக்டோபரில் ஓர் அறுப்பு.

மூன்றாம் சுற்று

ஒக்டோபர் கடைசியில் முதல் மழை விழுந்த அன்று மகள் முற்றத்தால் ஓடி வந்தாள். முழங்கால் வரை புள்ளி புள்ளியாக மண். மழைத்துளி அடித்துத் தெறித்த மண். ஒன்றரை மீற்றர் உயரத்தில் தொங்கும் பைக்கு இந்த மண் எப்படி எட்டும் என்று அப்போதுதான் யோசித்தேன். நான் காற்றை அளந்திருக்கிறேன். பிள்ளை விளையாடுவது நிலத்தில்.

ஆகவே இந்த முறை ஒவ்வோர் இடத்திலும் இரண்டு. மேலே ஒரு பை, கீழே ஒரு தட்டு. தட்டு என்றால் ஐஸ்கிரீம் பெட்டி மூடி, அடியில் நாலு துளை, நாலு மூலைக்கும் பிளாஸ்டிக் போத்தல் மூடியில் கால், நிலத்திலிருந்து ஐந்து சென்ரிமீற்றர். அதன்மேல் பாசியை மெத்தையாகப் பரப்பி, தங்கூசி (நைலோன் நூல்) வலைத்துண்டால் மூடி, தங்கூசியாலேயே தைத்தேன். கம்பி என்ற பேச்சே இல்லை. வலைத்துண்டு மாமா தந்தது. தட்டு ஒன்றுக்கு உலர்பாசி 5.00 கிராம், பைக்கு 3.00. இடம் நாலுதான்: ஒன்று ஈய அடுப்படி, இரண்டு கிணற்றடி, மூன்று வீதியோரப் படலை, நாலு கோடி மூலை. அதே பாசியில் ஒரு பங்கை முத்திரைப் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன். எங்கும் வைக்காத பாசி அது, ஒப்பிட.

நவம்பர் 10 வைத்தேன். மாதக் கடைசி மழை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கிணறு நிரம்பி முற்றத்தோடு சேர்ந்தது. கிணற்றடித் தட்டு மிதந்து வேலியில் போய்ச் சிக்கியிருந்தது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, புதுப் பாசியில் டிசம்பர் 3 மறுபடி தொடங்கி ஜனவரி 28 வரை வைத்தேன். 56 நாள். இந்த முறை தண்ணீர் தெளிக்கும் வேலை இருக்கவில்லை. கழற்றும்போது பாசி உயிரோடு இருந்தது, சில நுனிகளில் புதுக்குருத்துக்கூட வந்திருந்தது.

உலர்த்தியது கண்ணாடி அலுமாரிக்குள், வெள்ளைப் பீங்கானில். தினமும் நிறுத்து, முதல்நாளைவிட 0.02 கிராமுக்கு மேல் மாறாத நாள் வரை காத்திருந்தேன். ஆறு நாள் எடுத்தது. ஈயம் மட்டும் கேட்டேன். நாலாம் தட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கழுவாமலும் மறு பாதியை வடிநீரில் மூன்று தரம் அலசியும் அனுப்பினேன். பத்து மாதிரி, 22,000 ரூபாய்.

அலுமாரிப் பாசி 4. மேலே தொங்கிய பைகள் அடுப்படியில் 7, கிணற்றடியில் 6, படலையில் 9, கோடியில் 8. கீழே இருந்த தட்டுகள் அடுப்படியில் 31, கிணற்றடியில் 22, படலையில் 14, கோடியில் 118. கோடித் தட்டின் அலசிய பாதி 71.

பையை மட்டும் நம்பியிருந்தால் படலையடிதான் மோசம் என்று சொல்லியிருப்பேன். அடுப்பைக் குற்றம் சாட்டத் தயாராக இருந்த எனக்கு அடுப்படியைவிடக் கோடி நாலு மடங்கு என்பது விளங்கவேயில்லை. அடுப்பிலிருந்து கோடி மூலை இருபத்தைந்து அடி. தாளை மாமியிடம் காட்டி அந்த மூலையில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ன போடுற? அடுப்புச் சாம்பல்தான். முருங்கைக்கும் மிளகாய்க்கும் நல்லம்தானே மகன்."

"எந்த அடுப்புச் சாம்பல் மாமி?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.

கரண்டியால் ஒதுக்கிய அந்த நீல ஆடை அடுப்பு ஓரச் சாம்பலில்தான் விழும். அது ஈயத்தின் ஒக்சைட்டு, கையில் எடுத்தால் மாவாகும். மாமா வார்த்து முடித்த மறுநாள் மாமி சாம்பலை அள்ளிக் கோடிக்குக் கொண்டுபோவார். அதோடு, காலையில் முற்றம் கூட்டும்போது ஈர்க்குக்கட்டு அடுப்படியில் தொடங்கி கோடியில்தான் முடியும். குப்பை சேரும் இடம் அது. நாற்பது வருடம். பாத்திரம் துலக்கும் சாம்பலும் இதுவா என்று பதறிக் கேட்டேன். இல்லை, அது குசினி அடுப்பில் தனியாக எடுப்பதாம். அந்த ஒரு பதிலுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மண்

பாசி சொன்ன எண்ணை மண்ணுக்குரிய வரம்போடு ஒப்பிடக் கூடாது. 118 என்பது 56 நாளில் அந்தத் தட்டில் வந்து விழுந்ததன் கணக்கு, மண்ணில் எவ்வளவு என்ற கணக்கு அல்ல. ஆகவே கடைசியாக மண்ணையே அனுப்பினேன். நாலு மாதிரி, 8,800 ரூபாய். கோடி மூலையில் மேல் ஐந்து சென்ரிமீற்றரில் 640, ஐந்திலிருந்து பதினைந்து வரை 210, முப்பதாம் சென்ரிமீற்றரில் 24. அடுப்படி மேல்மண் 180. வீட்டு வளவு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் வைத்திருந்த எச்சரிக்கை அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம், 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தார்கள். ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் தெரியவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அலசிய பாதிக்கும் அலசாத பாதிக்கும் உள்ள வித்தியாசம், 118இல் 47, பாசியில் தொற்றிக் கிடந்த மண்துகள். காற்றை அளப்பவர்களுக்கு அது அழுக்கு, கழித்துவிட வேண்டியது. அலுமினியம் அல்லது தைத்தானியம் எவ்வளவு என்று சேர்த்து அளந்து மண்ணின் பங்கைக் கணக்கில் எடுத்துவிடுவார்கள். நான் தேடியது மண்ணை. முதல் சுற்றிலேயே மதிலடிப் பாசி 96 என்று சொன்னது. அடுத்தவர்களின் கேள்விக்கு எழுதிய விதியை எடுத்து, என் விடையை நானே வெட்டியிருக்கிறேன்.

ஆய்வுகூடச் செலவு மொத்தம் 79,200 ரூபாய். அதில் முதல் இரண்டு சுற்றின் 48,400 தேவையில்லாத செலவு. மறுபடி செய்தால் மழை தொடங்கும்போது நிலத்தட்டு மட்டும் வைப்பேன், பை வேண்டாம். ஓர் உலோகம் போதும். எங்கும் வைக்காத பாசி கட்டாயம். தட்டில் எது கூடக் காட்டுகிறதோ அந்த இடத்தில் மட்டும் மண்ணை ஆழம் பிரித்து அனுப்புவேன். 20,000 ரூபாய்க்குள் முடியும். முக்கியமாக, தட்டு வைக்கும் முன் வீட்டுப் பெண்களிடம் கேட்பேன்: எங்கிருந்து எங்கே கூட்டுகிறீர்கள், சாம்பல் எங்கே போகிறது? மாமியிடம் அந்தக் கேள்வியை 2023இலேயே கேட்டிருக்கலாம்.

மகளுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தோம். வைத்தியர் பார்த்துக்கொள்கிறார். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

கோடி மூலை மண்ணை அள்ளி வேறெங்கும் கொட்ட மனம் வரவில்லை. மார்ச்சில் கீரையைப் பிடுங்கிப் பையில் கட்டி, எட்டடிக்கு ஆறடி இடத்தை நனைத்து, தூசி கிளம்பாமல் மட்டமாக்கி, மேலே மூன்று அங்குலம் கொங்கிறீற் போட்டோம். முருங்கை மரத்தையும் தறித்தோம், மாமிக்கு அதில் இன்னும் கவலை. கீரை இப்போது கிழக்குப் பக்கம், சீமெந்துக் கல் அடுக்கி வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில். அடுப்படி மேல்மண்ணில் தென்னம்பொச்சுப் பரப்பியிருக்கிறேன், அது தற்காலிகம்தான். முற்றம் கூட்டும் முன் தண்ணீர் தெளிக்கிறோம், கூட்டும் திசையும் மாறிவிட்டது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமை தள்ளிப்போட்டேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, நாலாம் வரியில் விரல் வைத்துப் படித்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே மருமகன்" என்றார். அவ்வளவுதான். இப்போது பழைய ஈயத்தைக் கொடுத்துவிட்டு வார்த்த ஈயம் வாங்குகிறார். போன கிழமை அடுப்புக் கல் மூன்றையும் கழற்றினார். மிஞ்சிய சாம்பலையும் கசட்டையும் நனைத்து அள்ளிப் பெயின்ற் வாளியில் போட்டு, மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, வலைக்கொட்டிலின் மேல்தட்டில் ஏற்றி வைத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்றால் "ஈயம்" என்று எழுதியிருக்கிறது.

நேற்று சின்னம்மா வீட்டிலிருந்து பாசி வந்தது, கூடவே பத்துத் தேங்காயும். புதுக் கீரைப் பாத்தி ஓரத்தில் ஒரு தட்டு, அடுப்படியில் ஒரு தட்டு, அலுமாரிக்குள் ஒரு பங்கு. தலா 5.00 கிராம். கச்சான் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதுவரை எத்தனை மழை கிடைக்குமோ அத்தனைக்கு வைத்திருப்பேன், மிச்சத்துக்கு வாடை வரவேண்டும்.